கழன்ற வயரைச் செருகிவிட்டால் அடுப்பு சரியாகிவிடுமா?

மின் அடுப்பின் நான்கு தட்டுகளில் ஒன்று மட்டும் திடீரென்று சூடாகாமல் போகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உட்புறத்தைத் திறந்து பார்த்தால், ஒரு வயர் தன் இடத்திலிருந்து கழன்று தொங்குகிறது. அதைப் பிடித்துப் பழைய இடத்தில் அழுத்திச் செருகியதும் தட்டு மறுபடியும் சூடாகிறது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டு அடுப்பிலும் இதுதான் நடந்தது. பழுது பார்க்க வந்தவர் ஐந்தே நிமிடத்தில் வயரைச் செருகிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் அதே தட்டு மறுபடியும் நின்றது. இம்முறை பிளாஸ்டிக் கருகும் வாடையும் சேர்ந்து வந்தது.

அவர் செய்ததில் என்ன தவறு என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தது. வயர் கழன்றதால் இணைப்பு கெட்டது என்றுதான் நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான அடுப்புகளில் நடப்பது தலைகீழ்: இணைப்பு பல நாட்களுக்கு முன்பே கெட்டு, சூடேறி, பிடிப்பை இழந்த பிறகுதான் வயர் கழன்று விழுகிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், கழன்ற வயரைத் திரும்ப இணைப்பதற்கு எவை தேவை என்பது தானாகவே விளங்கும்.

ஷார்ட் வேறு, லூஸ் கான்டாக்ட் வேறு

மின்சாரச் சாதனத்தில் எது கருகினாலும் ‘ஷார்ட் ஆகிவிட்டது’ என்று சொல்வது நம் பேச்சுவழக்கு. ஷார்ட் சர்க்யூட் என்பது, மின்சாரம் தான் வேலை செய்ய வேண்டிய ஹீட்டர் எலிமென்ட் (தட்டைச் சூடாக்கும் உறுப்பு) வழியாகப் போகாமல், தடையே இல்லாத குறுக்கு வழியில் பாய்ந்துவிடுவது. அப்போது பாயும் மின்சாரத்தின் அளவு பல மடங்கு எகிறும்; ஃபியூஸ் உருகும் அல்லது எம்சிபி என்ற தானியங்கிப் பாதுகாப்புச் சுவிட்ச் அந்தக் கணமே விழும்.

லூஸ் கான்டாக்ட் இதற்கு நேர்மாறானது. மின்சாரம் போகும் வழி சரியான வழிதான். ஆனால் அந்த வழியில் ஓரிடம் மட்டும் குறுகிப்போயிருக்கிறது. அகலமான மண்டபத்திலிருந்து ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியேறும்போது, வாசலின் இரண்டு கதவுகளில் ஒன்று மூடியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் நெரிசல் இல்லை, வெளியே தெருவிலும் நெரிசல் இல்லை; இடிபாடும் புழுக்கமும் அந்த ஒற்றைக் கதவின் இடுக்கில் மட்டும்தான். லூஸ் கான்டாக்ட் ஏற்பட்ட அடுப்பிலும் வெப்பம் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் குவிகிறது.

தொடும் இடம் எவ்வளவு பெரியது?

மின் அடுப்புக்குள் ஒவ்வொரு வயரின் முனையிலும் ஓர் உலோகக் கவ்வி இருக்கும். இதைக் கடைக்காரர்களும் எலக்ட்ரீஷியன்களும் லக் என்பார்கள். எலிமென்டிலோ சுவிட்சிலோ நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான உலோக நாக்கின்மேல் இந்த லக்கைச் செருகினால், அதன் இரு ஓரங்களும் சுருண்டு நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கு பெரும்பாலும் 6.3 மி.மீ. அகலம் கொண்டது.

வெறுங்கண்ணுக்கு இரண்டு உலோகங்களும் முழுப் பரப்பிலும் ஒட்டியிருப்பதுபோல் தெரியும். உண்மையில் எவ்வளவு மழமழப்பான உலோகத்தின் மேற்பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. ஒன்றின் மேடுகள் மற்றொன்றின் மேடுகளைத் தொடும் சில புள்ளிகள் வழியாக மட்டுமே மின்சாரம் கடக்கிறது. லக் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அந்த மேடுகள் நசுங்கி, தொடும் புள்ளிகள் பெருகும். பிடி தளர்ந்தால் அவை குறையும். இப்படித் தொடும் இடத்தில் மின்சாரத்துக்கு ஏற்படும் எதிர்ப்பைத் தொடுதடை என்று சொல்லலாம். நல்ல இணைப்பில் இது ஓம் என்ற அலகில் ஆயிரத்தில் ஒருசில பங்குதான் இருக்கும். லூஸ் கான்டாக்ட் என்று நாம் வாயால் சொல்வது, தொடுதடை கூடிவிட்ட நிலையைத்தான். வயர் கையில் ஆடினால்தான் லூஸ் என்று பொருளல்ல; ஆடாமல் அசையாமல் இருக்கும் லக்கிலும், உள்ளே பாசி பிடித்ததுபோல் ஆக்சைடு படிந்திருந்தால் தொடுதடை கூடியிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மின்சாரம் இரண்டு உலோகங்களுக்கு நடுவே சில புள்ளிகள் வழியாகத்தான் கடக்கிறது, அந்தப் புள்ளிகளைப் பெருக்குவது இறுக்கமும் தூய்மையும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

மின்சாரம் ஒரு தடையைக் கடக்கும்போது உண்டாகும் வெப்பத்துக்கான விதியை ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்டார். மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, அதைத் தடையாலும் பெருக்கினால், ஒவ்வொரு நொடியும் அங்கே எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பது வாட் கணக்கில் கிடைத்துவிடும். மின்னோட்டம் என்பது ஒரு நொடியில் கடந்துபோகும் மின்சாரத்தின் அளவு. அதன் அலகு ஆம்பியர்.

2,000 வாட் திறனுள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் எலிமென்டின் தடை சுமார் 26 ஓம். இணைப்பு நன்றாக இருந்து தொடுதடை 0.005 ஓம் என்றால், லக்கில் பிறக்கும் வெப்பம் அரை வாட்டுக்கும் குறைவு. கையால் உணரக்கூட முடியாது. அதே தொடுதடை அரை ஓம் ஆகிவிட்டால், லக்கில் மட்டும் 36 வாட் அளவுக்கு வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவர் கையில் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னே ஈயத்தை உருக்கிவிடும். அதைவிடச் சூடான ஒன்றை, காற்றுப் புகாத அடுப்பின் வயிற்றுக்குள், பிளாஸ்டிக் உறை போட்ட வயர்களுக்கு நடுவே வைத்து மூடியிருக்கிறோம்.

மின்னோட்டம் இரண்டு முறை பெருக்கப்படுவதுதான் இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம். தனித் தட்டின் வயரில் 8.7 ஆம்பியர்தான் போகிறது. ஆனால் எல்லாத் தட்டுகளுக்கும் ஓவனுக்கும் சேர்த்து மின்சாரம் நுழையும் டெர்மினல் பிளாக்கில், எல்லாவற்றையும் போட்டிருக்கும் வேளையில் 30 ஆம்பியர் போகலாம். மின்னோட்டம் மூன்றரை மடங்குகூடக் கூடவில்லை; வெப்பமோ ஏறத்தாழ 12 மடங்கு கூடிவிடுகிறது. அங்கே வெறும் 0.1 ஓம் தொடுதடை இருந்தாலே 90 வாட். அதனால்தான், தட்டுக்குப் போகும் வயர் கழன்றதைச் சரிசெய்ய அடுப்பைத் திறந்தவர்கள், கேட்காத இடமான டெர்மினல் பிளாக்கின் திருகுகளையும் அந்த நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

எம்சிபி ஏன் கண்டுகொள்வதில்லை?

‘ஆபத்தாக இருந்தால் எம்சிபி விழுந்திருக்குமே’ என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் மிகவும் பரவலான, மிகவும் ஆபத்தான தவறு. ஃபியூஸும் எம்சிபியும் அளப்பது ஒன்றே ஒன்றை: அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை. லூஸ் கான்டாக்டில் மின்னோட்டம் கூடுவதே இல்லை. 26 ஓம் எலிமென்டுடன் அரை ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்தால், மொத்தத் தடை கூடி, மின்னோட்டம் 8.7 ஆம்பியரிலிருந்து சுமார் 8.5 ஆம்பியருக்கு இறங்குகிறது. எம்சிபியின் பார்வையில் அடுப்பு முன்பைவிட அடக்கமாக நடந்துகொள்கிறது.

ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் மற்றொன்றை அளக்கிறது: போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்பதை. லக்கில் வெப்பமாக மாறும்போதும் மின்னோட்டம் எங்கும் கசிவதில்லை. போனது அப்படியே நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. எனவே வயரின் உறை எரிந்து, செம்பு அடுப்பின் உடலைத் தொடும்வரை இந்தச் சுவிட்சுக்கும் எதுவும் தெரியாது.

ஆகவே இரண்டு காவலர்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். லூஸ் கான்டாக்ட் அவர்கள் இருவருடைய பொறுப்பிலும் வராத இடத்தில் இருக்கிறது. கருகல் வாடை, தட்டு விட்டுவிட்டுச் சூடாவது, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுப் பிடியின் அருகில் ‘சர்ர்’ என்ற மெல்லிய ஓசை ஆகிய மூன்றையும் நம் மூக்கும் கண்ணும் காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுப்புக்குள் மட்டும் ஏன் இப்படி?

மற்றச் சாதனங்களைவிட அடுப்பில் இணைப்புகள் விரைவாகத் தளர்வதற்குக் காரணம், அது தினமும் சூடாகி ஆறும் பொருள் என்பதுதான். சூட்டில் உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. செம்பும் பித்தளையும் இரும்பைவிட அதிகமாக விரியும் என்பதால், திருகும் வயரும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றை ஒவ்வொரு முறையும் இம்மியளவு நெம்புகிறது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. எலிமென்ட் வைத்த சாதாரண மின் அடுப்பில் திருகுப் பிடியைக் குறைத்து வைத்தால் மின்னோட்டம் குறைந்துவிடுகிறது என்று எண்ணுகிறோம். பெரும்பாலான அடுப்புகளில் அப்படியல்ல. பிடிக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுவிட்ச், எலிமென்டுக்கு முழு மின்சாரத்தையும் சிறிது நேரம் கொடுத்து, பிறகு முழுதாக நிறுத்தி, மறுபடியும் கொடுக்கிறது. குறைந்த சூட்டில் நிறுத்தும் நேரம் அதிகம், அவ்வளவுதான். பாலை ஏடு படியும்வரை மெல்லச் சுண்டவைக்கும் அரை மணி நேரத்தில் அந்த லக் எத்தனையோ முறை சூடாகி ஆறிவிடுகிறது.

சூடு கூடக் கூட லக்கின் ஸ்பிரிங் போன்ற பிடிமானம் தளரும். பிடி தளர்ந்தால் தொடுதடை கூடும். தொடுதடை கூடினால் இன்னும் சூடு. கூடவே சூட்டில் செம்பின் மேல் கறுப்பு ஆக்சைடு படிந்து, மீதமிருக்கும் புள்ளிகளையும் மூடுகிறது. இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. அதன் கடைசிக் கட்டத்தில்தான் வயர் கழன்று விழுகிறது. நம் கண்ணில் படுவது அது மட்டுமே.

கருகிய முனையை உற்றுப் பார்த்தால்

எங்கள் அடுப்பில் இரண்டாம் முறை வெளியே எடுத்த லக்கை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். பித்தளை நிறம் எங்குமே இல்லை. நாக்கைப் பிடிக்கும் ஓரத்தில் நீலமும் ஊதாவும் கலந்த படலம், அதன் நடுவே சாம்பல் நிறக் கறை. சுருண்ட ஓரங்களில் ஒன்று விரல்நகத்தால் நெம்பியதுமே மேலே எழும்பிவிட்டது. புதிய லக்கில் அதை அசைக்கக் குறடு வேண்டும். வயரின் உறை லக்கிலிருந்து ஓர் அங்குல நீளத்துக்குக் காய்ந்த சுள்ளி போலாகி, வளைத்ததும் பொடிந்து உதிர்ந்தது. உள்ளே இருந்த செம்பு இழைகள் கறுத்திருந்தன. பல இழைகள் லக்கின் வாயிலேயே ஒடிந்து, மீதமிருந்த சிலவற்றில்தான் முழு மின்னோட்டமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பல புரிகள் சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை இரண்டு மூன்று புரிகள் தாங்கும் கயிற்றின் நிலை அது.

இந்த லக்கைத்தான் முதல் முறை மீண்டும் செருகியிருந்தார். அது மூன்று வாரம் ஓடியதே வியப்பு.

திரும்ப இணைப்பது என்றால் என்ன?

கருகிய லக்கைக் குறடால் நசுக்கி இறுக்குவதோ, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவதோ போதாது. வெந்துபோன உலோகத்துக்குப் பழைய பிடிமானம் திரும்ப வராது. லக்கை நீக்கிவிட்டு, வயரைச் செம்பு பளிச்சென்று செந்நிறமாகத் தெரியும் இடம்வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். வெட்டியபின் நீளம் போதவில்லை என்றால் இழுத்துப் பிடித்து இணைக்கக் கூடாது. விறைப்பாக நிற்கும் வயர் தானே லக்கைத் தளர்த்திவிடும். அந்த வயரை முழுதாக மாற்றுவதே முறை.

மாற்றும் வயர் எதுவாக இருந்தாலும் சரி என்பதும் தவறான எண்ணம். வீட்டுச் சுவரில் ஓடும் சாதாரண பிவிசி வயரின் உறை பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் வகையில் செய்யப்பட்டது. எலிமென்டின் அருகில் அந்த வெப்பம் மிக எளிதில் கடந்துவிடும். அதனால் அடுப்புக்குள் சிலிக்கான் ரப்பர் உறையோ கண்ணாடி இழை உறையோ உள்ள வயர்தான் வேண்டும். சிலிக்கான் ரப்பர் 180 டிகிரி வரை தாங்கும். செம்பின் தடிமன் பழைய வயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

புதிய லக்கை வயரில் பொருத்துவதற்குக் கிரிம்பிங் டூல் என்ற அழுத்துக் குறடு உண்டு. அது லக்கின் வாலைச் செம்பு இழைகளின் மேல் ஒரே சீராக நசுக்கி, இரண்டும் ஒன்றாகிவிட்டதுபோல் பிடிக்கச் செய்கிறது. சாதாரணக் குறடால் கடித்து அழுத்தினால் ஓரிடத்தில் இழை ஒடியும், மற்றோரிடத்தில் இடைவெளி நிற்கும். சால்டர் வைத்து ஒட்டினால் உறுதியாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். தகரமும் ஈயமும் கலந்த வழக்கமான சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். எலிமென்டின் அருகில் அதற்கு இடமே இல்லை. இன்சுலேஷன் டேப் சுற்றி முறுக்கி விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். டேப்பின் பசை சூட்டில் இளகி வழிந்துவிடும்.

லக் நுழையும் நாக்கையும் பார்க்க வேண்டும். நாக்கும் நீலம் பூத்துக் குழிவிழுந்திருந்தால், புதிய லக்கைப் பழைய நாக்கில் செருகுவது பாதி வேலைதான். எலிமென்டையோ சுவிட்சையோ மாற்ற வேண்டிவரும். மனம் கேட்காத செலவுதான், ஆனால் அதைத் தவிர்த்தால் அதே சுழற்சி மறுபக்கத்திலிருந்து தொடங்கும்.

எந்த வயர் எந்த இடத்துக்கு?

ஒரே ஒரு வயர் கழன்றிருந்தால் அதன் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு மூன்று கழன்றிருந்தாலோ, யாராவது ஏற்கெனவே கழற்றியிருந்தாலோ, ஊகித்துச் செருகக் கூடாது. இரண்டு முனை மட்டுமே உள்ள சாதாரண எலிமென்டில் வயர்கள் இடம் மாறினாலும் அது சூடாகும். ஆனால் கட்டுப்பாட்டுச் சுவிட்சிலும் ஓவனின் தெர்மோஸ்டாட்டிலும் ஒவ்வொரு முனைக்கும் தனி வேலை உண்டு. அங்கே ஒன்று மாறினால் தட்டு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கலாம், அல்லது பேஸும் நியூட்ரலும் நேரடியாக மோதி உண்மையான ஷார்ட்டே நேரலாம். அடுப்பின் உள்ளே எல்லா வயர்களும் ஒரே நிறத்தில் இருப்பதும் உண்டு என்பதால், நிறத்தை நம்பவும் முடியாது. அந்த மாதிரிக்கு உரிய வயரிங் படத்தைப் பார்ப்பதே வழி. எதையும் தொடும் முன்பு நாலாபுறமிருந்தும் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தொடுவதற்கு முன்னும் மூடுவதற்கு முன்னும்

திருகுப் பிடியை அணைத்துவிட்டால் உள்ளே மின்சாரம் இல்லை என்று பொருளல்ல. பிடி அணைந்திருக்கும்போதும் டெர்மினல் பிளாக்கிலும் சுவிட்சின் உள்வரும் முனையிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயின் பெட்டியில் அடுப்புக்கான இணைப்பைத் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டு, வேலை செய்கிறதென்று ஏற்கெனவே சோதித்த மீட்டரால் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். இதில் சிறு தயக்கம் இருந்தாலும் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது. அவர் என்ன செய்கிறார் என்பதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும் அளவுக்குத் தெரிந்திருப்பதே பெரிய பாதுகாப்பு. இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் திறக்க வேண்டாம். அதன் கெப்பாசிட்டர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

இணைத்து முடித்ததும், மின்சாரம் கொடுக்கும் முன்பே, மல்டிமீட்டரால் எலிமென்டின் தடையை அளந்து பார்க்கலாம். 230 வோல்ட்டுக்கான 2,000 வாட் எலிமென்ட் 26 ஓம் அளவிலும் 1,000 வாட் எலிமென்ட் 53 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். எலிமென்டின் எந்த முனைக்கும் அடுப்பின் உலோக உடலுக்கும் நடுவே இணைப்பு எதுவும் காட்டக் கூடாது.

எர்த் வயரைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற எந்த வயர் கழன்றாலும் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போய் நமக்குச் சொல்லிவிடும். எர்த் வயர் கழன்றால் அடுப்பு எப்போதும்போல் சமைக்கும்; விளக்கு எரியும், தட்டு சூடாகும், ஓவன் வேலை செய்யும். வேறொரு வயர் உறை கருகி உடலைத் தொடும் நாளில்தான், அது அங்கே இல்லை என்பது அடுப்பின்மேல் கை வைத்தவருக்குத் தெரியவரும். வேலைக்காக நீக்கிய தகட்டின் திருகிலேயே எர்த் வயரும் மாட்டப்பட்டிருப்பது உண்டு. அவசரத்தில் தகட்டை மட்டும் மாட்டி அதை விட்டுவிடுவதும் நடக்கிறது. ஆகவே மூடிய பிறகு மீட்டரின் ஒரு முனையை எர்த் டெர்மினலிலும் மறுமுனையை அடுப்பின் பெயின்ட் படாத உலோகப் பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஓர் ஓமுக்கும் மிகக் குறைவாகக் காட்டினால் மெயினைப் போடலாம். முதல் பதினைந்து நிமிடம் அருகிலேயே நின்று, வாடை ஏதும் வருகிறதா என்று கவனித்த பிறகு பாத்திரத்தை ஏற்றுங்கள்.